காலுறை கண்டறியும் தூக்கம்

2015 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் ஒரு காலுறையைக் காட்டியது. விற்பனைக்கு அல்ல, வீட்டிலேயே பின்னி, உள்ளே சிறு மின்சுற்றைப் பொருத்திக்கொள்ளும் செய்முறையை மட்டும் வெளியிட்டது. கால் நெடுநேரம் அசையாவிட்டால் காலுறையில் சிவப்பு விளக்கு மினுக்கும். அதற்கும் அசைவில்லை என்றால், ரிமோட் அனுப்புவது போன்ற அகச்சிவப்புக் கதிர் பாய்ந்து படம் நின்றுவிடும். விளம்பர வேடிக்கைதான். ஆனால் வேடிக்கை பழக்கமாகிவிட்டது: 2025இல் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 26இல், தூங்கிவிட்டால் ஒலியை நிறுத்தும் வசதி ஏர்பாட்ஸ் காதொலிப்பான்களுக்கே வந்திருக்கிறது.

பயன் இல்லாமல் இல்லை. ஸ்லீப் டைமர் வைக்க, எப்போது தூங்குவோம் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். "இன்னும் பார்க்கிறீர்களா?" என்று திரை கேட்பதோ கடந்துபோன எபிசோடுகளை வைத்துத்தான், ஆளைப் பார்த்து அல்ல. உடலைக் கவனிக்கும் கருவிக்கு இந்த இரண்டு குறையும் இல்லை. விடியும்வரை வெளிச்சமும் சத்தமும் தூக்கத்தைக் கெடுப்பதும் தவிர்க்கப்படும்.

சிக்கல், அது எதைத் தூக்கம் என்கிறது என்பதில். அசைவை அளந்து உறக்கத்தைக் கணிக்கும் முறையை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கையாள்கிறார்கள். தூங்குபவரை அது பெரும்பாலும் சரியாகவே பிடித்துவிடும். விழித்தபடி அசையாமல் கிடப்பவரையும் தூங்குபவர் கணக்கில் சேர்த்துவிடுவதுதான் அதன் பலவீனம். படம் பார்ப்பவருக்கு இதைவிட மோசமான பலவீனம் கிடையாது. காட்சி இறுக இறுகத்தானே நாம் அசையாமல் உறைந்துபோகிறோம்? கொலையாளி கதவைத் திறக்கும் நேரத்தில் யார் குனிந்து காலில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள்? தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரங்கள் நாடித்துடிப்பையும் சேர்த்துப் பார்ப்பதால் பிழை குறைகிறது, ஒழிந்துவிடவில்லை.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. நாம் தூங்கிவிட்டோம் என்று கருவி உறுதிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். போதாக்குறைக்கு, கண் மூடுவதற்குச் சற்று முன் பார்த்தவையும் நினைவில் தங்குவதில்லை. ஆக, படம் நிற்கும் இடமும் நாம் கதையைத் தவறவிட்ட இடமும் ஒருபோதும் ஒன்றாக இரா. மறுநாள் எப்படியும் பின்னோக்கி ஓட்டத்தான் வேண்டும். நிறுத்துவதோடு நில்லாமல், பத்து நிமிடம் பின்னால் ஓர் அடையாளம் வைக்கும் கருவிதான் உண்மையில் உதவும். குடும்பத்தோடு பார்க்கையில் ஒருவர் கண்ணயர்ந்ததற்காக மற்றவர்களின் படம் நிற்பது தனிக் கூத்து.

அந்தக் காலுறையில் ஒரு நற்பண்பு இருந்ததை இப்போதுதான் உணர முடிகிறது. அதிலிருந்து வெளியே போனது 'நிறுத்து' என்ற ஒற்றைக் கட்டளை மட்டுமே. தூக்கத்தால் நின்றதா, யாரேனும் ரிமோட்டை அழுத்தினார்களா என்று திரைக்குத் தெரியாது. கைக்கடிகாரமும் செயலியும் கணக்கும் ஒன்றோடொன்று இணைந்தால், எந்தக் காட்சியில் நமக்குத் தூக்கம் வந்தது என்பதே ஒரு தரவாகிவிடக்கூடும். படம் எடுப்பவர்களுக்கு இதைவிடக் கொடூரமான விமர்சனம் இருக்க முடியாது.

தூக்கத்தோடுதான் போட்டியிடுகிறோம் என்று 2017இல் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த எபிசோடு தானாக ஓடும் ஏற்பாடும் அதே நிறுவனத்துடையதுதான். அந்த ஏற்பாட்டை அமைப்புகளில் போய் அணைத்துவிட்டால், அதிகபட்ச இழப்பு ஒரு எபிசோடு. உணரியும் வேண்டாம், மின்னேற்றமும் வேண்டாம். இரண்டரை மணி நேரப் படத்தைப் படுக்கையில் போட்டுக்கொள்பவருக்கு வேண்டுமானால் கருவி தேவைப்படலாம். அவருக்கும் அந்தக் காலுறையைப் போல வாய் திறக்காத கருவியையே நான் பரிந்துரைப்பேன்.