அம்மாச்சியின் சுங்குடி

பழைய பருத்திச் சேலையின் மென்மை புதுத்துணி எதற்கும் கிடையாது. துவைக்கத் துவைக்கக் கஞ்சி போய், நூல் இளகி, அந்தப் பக்குவத்துக்கு வரச் சில வருஷம் ஆகும். அதில் மதுரைச் சுங்குடி தனி ரகம். துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் இறுக முடிந்து சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால், சாயம் ஏறாத இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சௌராஷ்டிரச் சமூகத்தார் வளர்த்த கைவேலை இது. 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது.

எங்கள் அம்மாச்சி கட்டியது பெரும்பாலும் அரக்குச் சுங்குடிதான். அவர் பெற்ற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தூங்கிய தூளிகள் எல்லாம் அவர் கட்டிக் கழித்த சேலைகள். உத்தரத்தில் முடிச்சுப் போட்டதும் தன் முழு பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்ப்பார். அதன் பிறகுதான் பிள்ளையைப் போடுவார். காற்று வரட்டும் என்று நடுவில் ஒரு கட்டை கொடுத்து விரித்து வைப்பார். ராத்திரி அழுகைக்கு முதலில் எழுவது அவர்தான். பெற்றவளைத் தூங்க விடுவார். தூளிக்கு ஆகாமல் நைந்தால் அதே சேலை பிள்ளைக்கு இடுப்புத் துணி, கடைசியில் அடுப்படியில் கரித்துணி. அவர் காலமானபோது பெட்டியில் நல்ல சேலை அதிகம் இல்லை.

இப்போது கடைகளில் அச்சடித்த புள்ளிகளே அதிகம். கையால் முடிந்த புதுச் சேலையில் புள்ளிகள் சற்றே சுருங்கி, விரலுக்குத் தட்டுப்படும். வாங்கும்போது தடவிப் பார்த்து வாங்குங்கள். முடிகிற கைகளுக்குக் கூலி போய்ச் சேரட்டும்.