6 சாக் எடுத்தவர் முதல் தேர்வு ஆனது எப்படி?

2022 ஏப்ரலில் நடந்த என்எஃப்எல் டிராஃப்டில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணி முதல் ஆளாக ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ட்ரேவான் வாக்கரை எடுத்தது. அடுத்த இடத்தில் இருந்த டெட்ராய்ட் லயன்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஏடன் ஹட்சின்சனை எடுத்தது. இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் தடுப்பாளர்களைத் தாண்டிப் போய் அவரைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் ஒரு சாக், இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை. கடைசி கல்லூரி சீசனில் ஹட்சின்சன் எடுத்தது 14, மிச்சிகனின் சாதனை அது. வாக்கர் எடுத்தது 6. மூன்று வருஷத்தையும் கூட்டினாலும் 9.5தான்.

அப்புறம் ஏன் வாக்கர்? இதைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். சும்மா உடம்பைப் பார்த்து மயங்கிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர்கள் தரப்பு வாதத்தின் முதல் பாதி சரியானது.

ஜார்ஜியாவின் 2021 தடுப்பு அணியிலிருந்து மட்டும் ஐந்து பேர் அந்த டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போனார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். வாக்கரைச் சில சமயம் ஓரத்தில் நிறுத்தினார்கள், சில சமயம் உள்ளே கனமான ஆட்களோடு மோதவிட்டார்கள், சில சமயம் பின்வாங்கி பாஸைத் தடுக்கச் சொன்னார்கள். கிரிக்கெட்டில் ஒரு முனையில் ரன் கொடுக்காமல் இறுக்கிப் பிடிக்கிற பௌலர் மாதிரி. விக்கெட் மறுமுனையில் விழும், பேரும் அவருக்கே போகும். ஹட்சின்சன் கதை வேறு. ஓரத்தில் நின்று பாய்வதுதான் அவருக்கு முக்கிய வேலை. எதிர் ஓரத்தில் டேவிட் ஒஜாபோ 11 சாக் எடுத்துக்கொண்டிருந்தார், அதனால் ஹட்சின்சன் மேல் மட்டும் இரண்டு பேரைப் போட்டு அமுக்க முடியவில்லை. ஆக 14, 6 என்ற எண்களை அப்படியே ஒப்பிடக்கூடாது. இதுவரை சரி.

தப்பு இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. வாக்கரின் எண் குறைவாக இருப்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் வேறு வேலை கொடுத்திருந்தால் அவர் நிறைய எடுத்திருப்பார் என்பதற்கு அது சான்று ஆகாது. அதற்கான தரவு அங்கே இல்லை, கட்டம் காலி. நம்ம தொழிலில் காலிக் கட்டத்தில் தனக்குப் பிடித்த எண்ணைப் போட்டு நிரப்பிவிட்டு ரிப்போர்ட் எடுத்தால் யாராவது கேள்வி கேட்பார்கள். இங்கே கட்டத்தை நிரப்பியது இண்டியானாபொலிஸில் நடந்த கம்பைன் சோதனை.

அங்கே வாக்கர் 272 பவுண்டு, அதாவது சுமார் 123 கிலோ உடம்போடு 40 கஜத்தை 4.51 விநாடியில் ஓடினார். கை நீளம் 35.5 அங்குலம். ஹட்சின்சனுக்கு 32 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான், ஓட்டம் 4.74. கை நீளத்துக்கு ஒரு நியாயம் உண்டு. நீளக் கைக்காரர் எதிரியின் மார்பில் முதலில் கை வைத்து, அவர் தன்னைப் பிடிக்காமல் தள்ளி நிறுத்தலாம். ஆனால் 40 கஜத்தை நேர்கோட்டில் ஓடுகிற வாய்ப்பு இவர்களுக்கு ஆட்டத்தில் எத்தனை தரம் வரும்? முதல் சில அடிகளும் குவார்ட்டர்பேக் பக்கம் வளைந்து திரும்புவதும்தான் வேலையே. வளைந்து ஓடுகிற மூன்று கூம்புச் சோதனை அதற்கு நெருக்கமானது. அதில் ஹட்சின்சன் 6.73, வாக்கர் 6.89. 40 கஜ ஓட்டம் பேசப்பட்ட அளவுக்கு இது பேசப்படவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

‘இன்னும் வளர இடமிருக்கிறது’ என்ற வாதமும் வந்தது. ஹட்சின்சன் பிறந்தது 2000 ஆகஸ்ட், வாக்கர் 2000 டிசம்பர். நாலு மாத வித்தியாசத்தில் என்ன பெரிய வளர்ச்சி இடம்?

என்னைக் கேட்டால், இந்த மாதிரி ஆளை எடைபோட சாக் கணக்கையும் ஓட்டக் கணக்கையும் ஓரமாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் தேடுவேன்: முதல் உத்தி பலிக்காதபோது என்ன செய்கிறார்? தடுப்பவர் கையை மடக்கிவிட்டார், ஓரம் அடைபட்டுவிட்டது. உடனே உள்பக்கம் வெட்டுகிறாரா, கையைத் தட்டிவிட்டு மறுபடி முயல்கிறாரா, இல்லை தள்ளிக்கொண்டே நிற்கிறாரா? யாருமே தடுக்காமல் கிடைத்த சாக், இடம் மாறிப் பாய்ந்த கூட்டாளியால் கிடைத்த சாக், இரண்டையும் கழித்துவிடலாம். ஹட்சின்சனின் வீடியோக்களில் இந்த இரண்டாவது உத்தி திரும்பத் திரும்பத் தெரிகிறது. வாக்கரிடம் கல்லூரியில் பெரும்பாலும் பலம்தான் தெரிந்தது.

ஜாகுவார்ஸின் அப்போதைய பொது மேலாளர் ட்ரென்ட் பால்க்கிக்கு இந்த வகை ஆட்கள் புதிதல்ல. 2011இல் சான் ஃபிரான்சிஸ்கோ 49ஏர்ஸில் இருந்தபோது முதல் சுற்றில் ஆல்டன் ஸ்மித்தை எடுத்தவர் அவர்தான். ஸ்மித்தும் நீளக் கைக்காரர். முதல் வருஷமே 14 சாக், அடுத்த வருஷம் 19.5. ஒரு தடவை லாட்டரி அடித்தவரிடம் போய் லாட்டரி வாங்காதே என்று சொன்னால் கேட்பாரா?

வாக்கர் தோற்றுப்போகவும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் வருஷம் 3.5, பிறகு 10, அதற்கடுத்து 10.5. நல்ல ஆட்டக்காரர். ஹட்சின்சன் முதல் வருஷமே 9.5, கூடவே மூன்று பாஸ் பறிப்பு, பிறகு 11.5. 2024இல் ஐந்தே ஆட்டத்தில் 7.5 எடுத்த நிலையில் கால் முறிந்து சீசன் முடிந்தது. மூன்று வருஷக் கூட்டு 28.5க்கு 24, அதுவும் ஹட்சின்சன் அவ்வளவு ஆட்டங்களைத் தவறவிட்ட பிறகு.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் ஒப்பந்தத்தை வைத்துப் பாருங்கள். வாக்கரின் முதல் ஒப்பந்தம் நாலு வருஷம், 3 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல். ஒரு நல்ல பாஸ் ரஷ்ஷர் அணிக்கு மலிவாகக் கிடைப்பது அந்த நாலு வருஷம்தான், பிறகு விலை எங்கேயோ போய்விடும். அதில் முழுசாக ஒரு வருஷம், டெட்ராய்ட்டுக்கு வந்தவர் கல்லூரியிலேயே கற்றிருந்த பாடத்தை வாக்கர் கற்றுக்கொள்வதில் போயிற்று.