மைல் கணக்கை நம்பாதீர்கள்: மோட்டார்ஹோம் ஏர் டிரையர்

அமெரிக்காவில் பழைய டீசல் மோட்டார்ஹோம் வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பார்கள், கூரை ஒழுகுகிறதா என்று ஏறியும் பார்ப்பார்கள். ஏர் டிரையர் காட்ரிட்ஜை எந்த வருஷம் மாற்றினீர்கள் என்று விற்பவரைக் கேட்பவர்கள் அபூர்வம். பின்பக்கம் எஞ்சின் வைத்த அந்தப் பெரிய வண்டியில் பிரேக் காற்றில் பிடிக்கிறது, சஸ்பென்ஷன் காற்றில் நிற்கிறது. அந்தக் காற்றில் ஈரம் சேராமல் காப்பது, சேஸியில் தொங்கும் ஒரு டப்பா.

வேலை செய்யும் விதம் பலருக்கும் தெரிந்ததுதான். கம்ப்ரஸர் அனுப்பும் சூடான காற்றில் உள்ள ஈரத்தை டப்பாவின் காட்ரிட்ஜுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் பிடித்துக்கொள்ளும். டேங்கில் அழுத்தம் 120, 130 பி.எஸ்.ஐ.யைத் தொட்டதும் கவர்னர் கம்ப்ரஸருக்கு ஓய்வு கொடுக்கும். அடியில் பர்ஜ் வால்வு திறந்து தண்ணீரும் அழுக்கும் ‘புஸ்’ என்று வெளியே போகும். அதோடு காய்ந்த காற்று கொஞ்சம் பின்னோக்கி ஓடி மணிகளை மறுபடி உலர்த்திவிடும். தயாரிப்பது பென்டிக்ஸ் ஆனாலும் வாப்கோ ஆனாலும் அடிப்படை இதுதான்.

என் தீராத குறை ஒன்று உண்டு. காட்ரிட்ஜ் செத்துப்போனால் அதைச் சொல்ல வண்டியில் எதுவுமே இல்லை. டீசலில் தண்ணீர் கலந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது. எஞ்சினின் ஏர் ஃபில்டர் அடைத்தால் காட்டுவதற்கு ஒரு கேஜ் இருக்கிறது. இதற்கு மட்டும் ஒன்றும் கிடையாது. மணிகள் முழுக்க வீணான பிறகும் கவர்னரும் பர்ஜ் வால்வும் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ‘புஸ்’ சத்தம் ஒழுங்காக வருகிறது, அதனால் டிரையர் நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். பிரேக்கை நம்பி மலையிறங்கும் வண்டிக்கு இப்படி ஒரு ஓட்டை இருக்கக் கூடாது.

காட்ரிட்ஜை எப்போது மாற்றுவது என்பதற்கு மைல் கணக்கும் உதவாது. அந்தக் கணக்கெல்லாம் வருஷத்துக்கு லட்சம் மைல் ஓடும் நெடுந்தூர லாரிக்காகப் போட்டது. மோட்டார்ஹோம் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் காற்று மெல்ல மெல்லக் கசிந்து டேங்க் காலியாகும். கேம்ப்கிரவுண்டில் வண்டியை மட்டப்படுத்த சிலர் சஸ்பென்ஷனின் ஏர் பேக்கிலிருந்து காற்றை இறக்கிவிடுவார்கள். கிளம்பும் நாளில் எல்லாவற்றையும் அடியிலிருந்து நிரப்ப வேண்டும். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், காற்று நன்றாகச் சூடேறும், சூடான காற்று டிரையருக்குள் ஈரத்தை முழுதாக விடாது. கால்வெஸ்டன் போன்ற வளைகுடாக் கரை ஊர்களில் கோடை முழுக்க நிறுத்தியிருந்த வண்டி ஓடிய மைல் சொற்பம். காட்ரிட்ஜ் பட்ட பாடு பெரிது.

ஈரத்தைவிட மோசமான எதிரி ஆயில். வயதான கம்ப்ரஸர் காற்றோடு ஆயிலையும் தள்ளும். மணியின் மேல் ஆயில் படிந்துவிட்டால் எத்தனை முறை பர்ஜ் ஆனாலும் போகாது, காட்ரிட்ஜ் போனது போனதுதான். பழைய வண்டிக்கு ஆயிலைப் பிரித்தெடுக்கும் ரகத்தையே நான் போடுகிறேன். ஏற்கெனவே அந்த ரகம் இருக்கிற வண்டியில், விலை குறைவு என்று சாதா காட்ரிட்ஜை மாட்ட வேண்டாம்.

சோதனை எளிது. டேங்குகளுக்கு அடியில் இருக்கும் டிரெய்ன் வால்வைத் திறந்து, கீழே வெள்ளை அட்டை ஒன்றைப் பிடியுங்கள். வறண்ட காற்று மட்டும் வந்தால் நிம்மதி. ஒரு மேஜைக்கரண்டி தண்ணீர் வந்தால் காட்ரிட்ஜை மாற்றும் நேரம் என்பது பென்டிக்ஸின் சர்வீஸ் வழிகாட்டியே சொல்லும் அளவு. பகலுக்கும் இரவுக்கும் 30 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கும் நியூ மெக்ஸிகோ போன்ற இடங்களில், டிரையர் நன்றாக இருந்தாலும் கொஞ்சம் ஈரம் தென்படலாம். வெளிக் கம்ப்ரஸரால் டேங்கை நிரப்பியிருந்தாலும் அப்படித்தான், அந்தக் காற்று டிரையர் வழியாக வரவே இல்லை. பழுப்பாகக் கொழகொழவென்று வந்தால் ஆயில். வெள்ளைப் பொடி வந்தால் மணிகள் உடைந்து வால்வுகளுக்குள் போகத் தொடங்கிவிட்டன, ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். குளிர்காலத்தில் கொலராடோ பக்கம் போகிறவர்கள் கிளம்புமுன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். பிரேக் லைனில் தண்ணீர் உறைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காமலோ விடாமலோ போகலாம். பர்ஜ் வால்வு உறையாமல் காக்கும் சின்ன ஹீட்டர் வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

என் தீர்ப்பு: டேங்க் காய்ந்தே இருந்தாலும் 3 வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கம்ப்ரஸர் ஆயில் விடும் வண்டியென்றால் 2 வருஷம், அதோடு கம்ப்ரஸரையும் கவனியுங்கள். மாற்றிய மாதத்தையும் வருஷத்தையும் பெயின்ட் மார்க்கரால் டப்பாவின் மேலேயே எழுதிவையுங்கள். வண்டி தராத இண்டிகேட்டர் அதுதான். டீசல் டேங்க் ஒரு முறை நிரப்ப ஆகும் பணத்தில் ஒரு பங்குதான் காட்ரிட்ஜ் விலை.

நீங்களே மாற்றுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். காட்ரிட்ஜைக் கழற்றும் முன் காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும், அப்போது ஏர் பேக் தளர்ந்து பல டன் எடையுள்ள பாடி கீழே இறங்கும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சேஸிக்கு உரிய ஸ்டாண்ட் வைக்காமல் தயவுசெய்து அடியில் போகாதீர்கள். வண்டியின் ஜாக்கை மட்டும் நம்பியும் போகாதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் வொர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள்.