மேற்கோளும் களவும்

நம்மிடையே ஒரு வாதம் அடிக்கடி எழுகின்றது. அறிவு மக்கள் அனைவரினதும் பொதுச் சொத்து. அதற்கு உரிமை கொண்டாடுதல் தனியுடைமை மனப்பான்மையின் எச்சம். ஆகவே நல்ல நோக்கத்துக்காக எழுதுபவன் பிறர் எழுத்தைப் பெயர் சுட்டாமல் எடுத்தாண்டால் அதிற் குற்றம் யாது? மாணவர் கட்டுரைகளிலும் நினைவு மலர்களிலும், சில வேளை ஆய்வுரைகளிலுங்கூட, பிறருடைய வாக்கியங்கள் உரியவர் பெயரின்றி உலவுவதைக் காணும்போது இவ்வாதம் எத்துணை வசதியானது என்பது விளங்கும்.

வாதத்தின் முற்பகுதி உண்மை, முடிவு பொய். கருத்து பொதுவாகலாம். ஆனால் அதனைத் தேடி, சோதித்து, சொல்லில் அமைப்பதற்கு ஒருவர் செலவிட்ட உழைப்பு அவருடையது. ஒருவருடைய உழைப்பின் பயனை மற்றொருவர் தமதாக்கிக் கொள்வதற்கு நாம் வேறிடங்களில் என்ன பெயர் சூட்டுகிறோம் என்பதை முற்போக்கு எழுத்தாளனுக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

இவ்விடயத்தில் நமக்கு நல்ல பாடநூல் ‘மூலதனம்’. 1883இல் அதன் முதற் பாகத்தின் மூன்றாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் மார்க்சின் மேற்கோள் முறையை எங்கெல்ஸ் விளக்குகிறார். ஒரு பொருளியற் கருத்தை முதன்முதல் தெளிவாகக் கூறியவர் யார், எங்கே, எப்போது கூறினார் என்பதைப் பதிவு செய்வதே அம்மேற்கோள்கள் பலவற்றின் நோக்கம் என்கிறார். 1821இல் இலண்டனில் ஆசிரியர் பெயரின்றி ஒரு சிறு பிரசுரம் வெளிவந்தது. உபரி உழைப்பைப் பற்றி அது பேசியிருந்தது. எவரும் நினைவில் வைத்திராத அப்பிரசுரத்தையும் மார்க்ஸ் சுட்டத் தவறவில்லை. ரொட்பேர்ட்டஸ் என்ற ஜெர்மானியப் பொருளியலாளரிடமிருந்து மார்க்ஸ் கருத்தைக் களவாடினார் என்று பழி எழுந்தபோது, 1885இல் இரண்டாம் பாகத்தின் முன்னுரையில் எங்கெல்ஸ் அதே பிரசுரத்தை எடுத்துக்காட்டி மறுத்தார். முன்னோரை மறைக்காதவனுக்கு அவனுடைய அடிக்குறிப்பே அரணாயிற்று.

மேற்கோள் திருத்தமாக இருத்தலும் வேண்டும். பிரித்தானிய நிதியமைச்சர் கிளாட்ஸ்ரன் 1863 ஏப்ரல் 16ஆம் நாள் ஆற்றிய வரவு செலவுத் திட்ட உரையில், செல்வப் பெருக்கம் சொத்துடைய வகுப்பாருக்குள்ளேயே அடங்கிவிட்டது என்ற கருத்துப்பட ஒரு வாக்கியம் இருந்தது. மார்க்ஸ் அதனை மேற்கோளாக்கினார். அவ்வாக்கியம் மார்க்ஸ் புனைந்தது என்று 1872இல் ஜெர்மானிய முதலாளிகளின் ஏடொன்று, பெயரில்லாக் கட்டுரை மூலம், குற்றஞ்சாட்டியது. அதனை எழுதியவர் பேராசிரியர் பிரெண்டானோ என்பது பின்னரே வெளியாயிற்று. பாராளுமன்றப் பதிவான ஹன்சாட்டில் அவ்வாக்கியம் இல்லைதான். ஆனால் உரையின் மறுநாள் வெளிவந்த ‘ரைம்ஸ்’ முதலிய பத்திரிகைகளில் அது இருந்தது. 1883இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த செட்லி ரெய்லர், உரையின் பொருள் திரிக்கப்பட்டது என்று வாதத்தைப் புதுப்பித்தார். மார்க்ஸ் அப்போது உயிரோடில்லை. 1884இல் அவர் மகள் எலினோர் மறுமொழி கூறினார். 1887இல் வெளியான ஆங்கிலப் பதிப்புக்காக மேற்கோள்களை மூல நூல்களுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தவரும் அவரே. வாக்கியம் மூலத்தில் உண்டா, அதன் சூழல் காக்கப்பட்டதா என்ற இரு கேள்விகளும் எந்த மேற்கோளுக்கும் பொருந்துவன. நாளும் ஏடும் குறிக்கப்பட்டிருந்தமையாலேதான் அவற்றுக்கு விடை தேட முடிந்தது.

நல்ல நோக்கம் இக்கடமையிலிருந்து விலக்களிக்குமா? நாம் பெரிதும் மதிக்கும் ஒருவரின் வரலாறு இதற்கு விடை தருகிறது. மார்ட்டின் லூதர் கிங் 1955இல் பொஸ்ரன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருடைய எழுத்துகளைப் பதிப்பித்த ஆய்வாளர் அவ்வாய்வேட்டிற் பிறர் வாக்கியங்கள் மேற்கோட்குறியின்றிப் பரந்து கிடப்பதைக் கண்டனர். 1990இல் அச்செய்தி வெளியாயிற்று. அதே பல்கலைக்கழகத்தில் 1952இல் ஜக் பூசர் எழுதிய ஆய்வேடு அவற்றின் மூலங்களுள் ஒன்று. அதனைக் கிங் தம் முன்னுரைப் பகுதியிற் குறிப்பிட்டும் இருந்தார். ஆனால் ஒருமுறை பெயரைக் கூறிவிட்டுப் பின்னர் பக்கம் பக்கமாகச் சொற்களை எடுப்பது கடனை ஒப்புக்கொண்டதாகாது. 1991இற் பல்கலைக்கழகக் குழு களவை உறுதிசெய்தது. பட்டத்தைப் பறிக்க வேண்டியதில்லை என்றும், ஏட்டின் நூலகப் பிரதியோடு இவ்வுண்மையைக் கூறும் கடிதமொன்றை இணைக்க வேண்டுமென்றும் பரிந்துரைத்தது. கிங்கின் போராட்டப் பெருமை இதனாற் குன்றவில்லை. அப்பெருமை பூசரின் உழைப்பைக் கிங்கின் உழைப்பாக மாற்றவுமில்லை.

களவு பெரும்பாலும் ஒளிந்திருக்குமிடம், பிறர் கருத்தை நம் சொல்லில் எழுதுவதாக நாம் கருதிக்கொள்ளும் இடமே. எடுத்துக்காட்டுக்காக ஒரு மூலத்தை நாமே அமைத்துக்கொள்வோம்: ‘தோட்டத்து லயன் அறை வெறும் உறைவிடமன்று, தொழிலாளியை வேலையோடு பிணைக்கும் சங்கிலி அது, வேலையை இழப்பவர் அன்றே வீட்டையும் இழப்பார்.’ மாணவர் ஒருவர் இதனை, ‘தோட்ட லயன் தங்குமிடம் மட்டுமல்ல, தொழிலாளரைத் தொழிலுடன் கட்டிவைக்கும் விலங்கு அது, தொழில் போனால் அன்றைக்கே குடியிருப்பும் போகும்’ என்று எழுதுகிறார். பெரும்பாலான சொற்கள் மாறியிருக்கின்றன. எனினும் வாக்கியத்தின் அமைப்பு, உவமை, வாதத்தின் ஒழுங்கு ஆகியன மூன்றும் மூல ஆசிரியருடையவை. இது களவு. இன்று கணினியே கணப்பொழுதில் இவ்வாறு சொல்மாற்றித் தரும். அதனாற் குற்றம் குறைவதில்லை.

நேர்மையான வழி வேறு. ‘குடியிருப்பு நிருவாகத்தின் கையில் இருந்தமை தொழிலாளரின் பேரம்பேசும் வலிமையைக் குறைத்தது என்பது இவ்வாசிரியரின் வாதம். ஆனால் லயன்களில் அருகருகே வாழ்ந்தமை தொழிற்சங்கம் வேரூன்றவும் துணைசெய்தது என்பதை அவர் கருதவில்லை.’ இங்கே அவர் கூற்று எங்கு முடிகிறது, எழுதுபவரின் சிந்தனை எங்கு தொடங்குகிறது என்பது வாசகனுக்குத் தெரிகிறது.

இவ்வழிக்குப் பழகுதல் கடினமன்று. நூலைப் படித்து, மூடிவைத்து, விளங்கியதை எழுதுக. பின்னர் மூலத்துடன் ஒப்பிடுக. குறிப்பெடுக்கும்போதே மூலச் சொற்களை மேற்கோட்குறிக்குள் இட்டு, பக்க எண்ணையும் குறித்துக்கொள்க. மறதியால் நேரும் களவுகள் பல இதனால் நீங்கும். சொல் அப்படியே வந்தால் குறியும் பெயரும் வேண்டும். கருத்து மட்டும் வந்தாலும் பெயர் வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த செய்திக்கு மட்டுமே இரண்டும் வேண்டா.

இதில் ஆசிரியரின் பொறுப்புத் தனியானது. வகுப்பில் நாம் சொல்லி எழுதவைக்கும் குறிப்புகளில் எத்தனை யாருடையவை என்று நாம் மாணவருக்குக் கூறியிருக்கிறோம்? மூலத்தின் பெயரை அறியாத மாணவன் அதனைத் தேடிப் படிக்க முடியாது. படிக்காதவன் அதனை மறுக்கவும் முடியாது. மறுக்கத் தெரியாத தலைமுறையிடம் எந்த முற்போக்கை எதிர்பார்ப்பது?