பெயரற்ற பிணங்கள்: ‘ஹொறிபைட்’ இசைத்தொகுப்புப் பற்றிய ஒரு நோக்கு

கலைப்படைப்பொன்றின் கரடுமுரடு எப்பொழுது அதன் குறையாகின்றது, எப்பொழுது அதன் வலிமையாகின்றது என்னும் வினா திறனாய்வுலகிற்குப் புதியதன்று. ஒப்பாரியையும் கூத்தையும் ‘பாமரர் கலை’ என ஒதுக்கியோரும், அவற்றிலேயே உயிர்த்துடிப்பைக் கண்டோரும் நம்மிடையே இருந்துள்ளனர். மேலைநாட்டு இசையில் அதே வினாவை மிகக் கூர்மையாக எழுப்பும் படைப்புக்களுள் ஒன்று, அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்துப் பிளின்ற் நகரைச் சேர்ந்த ‘றிப்பல்சன்’ குழுவினரின் ‘ஹொறிபைட்’ ஆகும்.

1986ஆம் ஆண்டிற் பதிவுசெய்யப்பட்ட இத்தொகுப்பு மூன்றாண்டுகள் வரை இசைத்தட்டாக வெளிவரவில்லை. ஒலிநாடாவிலிருந்து ஒலிநாடாவுக்குப் படியெடுக்கப்பட்டு, அஞ்சல்வழி கைமாறியே அது கண்டம் கடந்தது. 1989இல் இங்கிலாந்திலே, ‘கார்க்கஸ்’ குழுவினர் இருவரின் முயற்சியால், ‘நெக்றோசிஸ்’ என்ற வெளியீட்டகப் பெயரில் இசைத்தட்டாயிற்று. பதினெட்டுப் பாடல்கள், மொத்தம் அரைமணி நேரமுமில்லை. அழுகும் உடல்களும், எழுந்து நடமாடும் பிணங்களும், அணுக்கதிர் தின்ற மேனிகளுமே அவற்றின் பொருள்.

டெத் மெற்றல் எனப்படும் இசைவகை பின்னர் வாத்தியத் திறமையின் களமாயிற்று. சிக்கலான தாளக்கட்டும் துலக்கமான ஒலிப்பதிவும் அதன் பெருமைகளாயின. ‘ஹொறிபைட்’ அவ்வழிக்கு முற்பட்டது. இங்கிலாந்தின் ‘டிஸ்சார்ஜ்’ முதலிய பங்க் குழுக்களின் சிக்கனத்தை அது மேற்கொண்டது: சில சுருதிகள், ஒரே தாளம், தயக்கமற்ற முடிவு. அத்தாளத்தை அது மேலும் விரைவுபடுத்தியது. அடிக் கிற்றார் பின்னணியில் அடங்கியிராது, சிதைந்த ஒலியோடு முன்வந்து உறுமுகின்றது. குரலோ அடிவயிற்று உறுமலாகாமல் கம்மிய கூச்சலாகவே நிற்கின்றது. தாளம் சில இடங்களில் தடுமாறுவது போலத் தோன்றும், ஆயின் அறுபடுவதில்லை. தன் ஆற்றலின் எல்லையிலே நின்று இயங்கும் மனிதவுடல் ஒன்று கேட்போன் முன் நிற்கின்றது. இத்தொகுப்பின் கவர்ச்சிக்கு முதற் காரணம் இதுவே. குறைகள் களையப்பட்டிருப்பின் அவ்வுடலும் மறைந்திருக்கும்.

இவ்வொலியின் சமூகப் பின்புலமும் நோக்கற்பாலது. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1908இற் பிறந்த நகரம் பிளின்ற். 1936–37ஆம் ஆண்டுகளில் ஆலைக்குள்ளேயே அமர்ந்து நாற்பத்து நான்கு நாட்கள் போராடிய தொழிலாளரின் நகரமும் அதுவே. 1980களில் ஆலைகள் மூடப்பட, அந்நகரம் நலிந்தது. ஆலை மூடப்பட்டதனால் இவ்விசை பிறந்தது எனக் கூறுதல் இயந்திரப்பாங்கான முடிபாகும். செழிப்பான நகரங்களிலும் இத்தகைய இசை தோன்றியுள்ளது. எனினும், மெருகேற்றுவதற்கான பொருளும் பொழுதும் அற்றோர் அவ்வின்மையை மறைக்க முயலாது தம் நடையாக்கிக் கொண்டனர் என்பது தெளிவு.

பிணங்களைப் பாடுபொருளாக்குதல் தமிழிலக்கியத்துக்கு அந்நியமானதன்று. கலிங்கத்துப்பரணியிலே பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டமும், காரைக்காலம்மையாரின் திருவாலங்காட்டுச் சுடுகாடும் இதே நிலத்தைச் சேர்ந்தவையே. ஆனால் அங்கெல்லாம் பிணத்துக்கு ஒரு பணி உண்டு. பரணியில் அது வேந்தனின் வெற்றிக்குச் சான்று; மணிமேகலையில் நிலையாமைக்குச் சான்று; அம்மையாரிடத்தில் இறைவனின் ஆடலரங்கு. ‘ஹொறிபைட்’ பாடல்களின் பிணங்கள் எவருக்கும் பணி செய்வதில்லை. அரசனையோ கடவுளையோ நாட்டையோ அவை புகழ்வதில்லை. சாவுக்கு ஒளிவட்டம் சூட்ட மறுக்கும் இம்மறுப்பு இத்தொகுப்பின் நேர்மையாகும்.

ஆயினும் இந்நேர்மை எங்கே கேட்கப்படுகின்றது என்பதைப் பொறுத்து அதன் பெறுமதி மாறும். கண்டி–யாழ்ப்பாண வீதியிலே, வவுனியாவுக்கு வடக்கே, நெடுங்கேணி வீதி பிரியும் புளியங்குளத்திலிருந்து இதனைக் கேட்கும் செவியைக் கருதுவோம். 1997 மே 13இல் அவ்வீதியைத் திறப்பதற்கெனத் தொடங்கப்பட்ட ‘ஜயசிக்குறு’ படை நடவடிக்கையின்போது மாதக்கணக்காகப் போர் நிலைகொண்ட ஊர் அது. அக்காலத்து வன்னியில் மின்சாரம் இல்லை. மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவை மிதித்து, ஏறியும் இறங்கியும் ஒலித்த நாடாவில் பாட்டுக் கேட்ட மக்களுக்குக் கரகரப்பு ஒரு குறையாகத் தோன்றியிராது. துலக்கமான ஒலியே அவர்களுக்கு வேற்றூர்ச் சரக்கு. இவ்வகையில், பிளின்ற் நகரத்து ஒலி புளியங்குளத்துச் செவிக்கு எதிர்பார்ப்பதிலும் அண்மையானது.

சொற்களோ அவ்வாறல்ல. குழுவினரின் பிணங்கள் பெரும்பாலும் திரைப்படங்களிலிருந்து வந்தவை. அவை யாருடைய மகனும் அல்ல. எவளுடைய கணவனும் அல்ல. தேடுவோரும் அழுவோரும் இப்பதினெட்டுப் பாடல்களில் இல்லை. சக்கரவாளக் கோட்டத்தில், பேய் கண்டு அஞ்சி இறந்த சார்ங்கலனின் உடலைச் சுமந்துவந்து, அவனுயிரை மீட்டுத் தருமாறு சம்பாபதியிடம் மன்றாடும் தாய் கோதமை இருக்கின்றாள். அவள் வந்தபின்னரே சுடுகாட்டு வருணனை மனிதக் கதையாகின்றது. வன்னியில் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் அமர்ந்த தாய்மார் கைகளில் ஏந்தியிருந்தவை படங்களே. சுமந்துவர உடல்தானும் அவர்களுக்குக் கிட்டவில்லை. அத்தகைய மண்ணில், பெயரற்ற பிணத்தை வைத்து விளையாடுதல், அது எவ்வளவு நேர்மையான விளையாட்டாயினும், ஒரு வாய்ப்புப் பெற்றோரின் விளையாட்டே.

எனவே இத்தொகுப்பை ஒரு சொல்லில் ஏற்பதும் ஒரு சொல்லில் தள்ளுவதும் பொருந்தா. உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டும் என்பது திறனாய்வின் பொதுவிதி. இங்கே உருவம் உள்ளடக்கத்தை மீறிச் செல்கின்றது. திகிற்படக் கற்பனையைச் சொல்லவந்த ஒலி, சொல்லவந்தோர் அறியாத துயரத்தையும் சொல்லவல்லதாய் அமைந்துவிட்டது. சாவீட்டுப் பறை சொற்களின்றியே ஊருக்குச் செய்தி உரைக்கின்றது. இறந்தவர் யார் என்பதை ஊர் அறிந்திருப்பதாலேயே அது வெறும் ஓசையாகாது நிற்கின்றது. ‘ஹொறிபைட்’ பறையைத் தந்துள்ளது. இறந்தவரின் பெயரைத் தரவில்லை. அப்பெயர்களை அறிந்த மண்ணிலிருந்து இத்தகைய கரட்டொலி எழுமாயின், அது இத்தொகுப்பை விஞ்சி நிற்கும் என்பதில் ஐயமில்லை.