நகைப்பொலியும் பழியும்: டி பால்மாவின் ‘கேரி’ திரைப்படத்தில் ஆசிரியரின் இடம்

திறவுச்சொற்கள்: திகில் திரைப்படம், எள்ளல், பழிவாங்கல், பள்ளி, தழுவல்

முன்னுரை

பள்ளியில் சக மாணவரின் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளானவர் ஒருநாள் திருப்பி அடிப்பது அமெரிக்கத் திகில் திரைப்படங்களில் பலமுறை எடுத்தாளப்பட்ட கதைக்கரு. அவ்வகையில் முன்மாதிரியாக விளங்குவது பிரையன் டி பால்மா இயக்கத்தில் 1976இல் வெளிவந்த ‘கேரி’. ஸ்டீபன் கிங் 1974இல் வெளியிட்ட தம் முதல் நாவலைத் தழுவி லாரன்ஸ் டி. கோஹன் இதன் திரைக்கதையை எழுதினார். கேரி ஒயிட்டாக நடித்த சிஸ்ஸி ஸ்பேசெக்கும், அவளுடைய மதவெறி கொண்ட தாயாக நடித்த பைப்பர் லாரியும் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டனர்.

இப்படத்தைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பெண்ணுடலையே மையப்படுத்துகின்றன. பார்பரா கிரீட் பூப்புக் குருதியையும் சூனியக்காரி என்னும் தொன்மப் படிமத்தையும் இணைத்துக் கேரியை விளக்கினார். கேரல் குளோவர், பாதிக்கப்பட்ட பெண்ணையே நாயகியாக ஏற்று ஆண் பார்வையாளர்களும் அவளோடு ஒன்றுகின்றனர் என்று காட்டினார். இரண்டும் வலுவான வாசிப்புகளே. ஆயினும் கேரியைக் காக்க முயன்ற ஆசிரியர் ஏன் அவள் கையாலேயே கொல்லப்படுகிறார் என்னும் வினாவை இவ்வாசிப்புகள் மையப்படுத்தவில்லை. படத்தின் அறச்சிக்கல் அவ்வினாவில்தான் முடிச்சிட்டிருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

குளியலறையும் ஓர் அறையும்

உடற்பயிற்சி வகுப்பு முடிந்து குளித்துக்கொண்டிருக்கும்போது கேரி பூப்பெய்துகிறாள். பூப்பு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. உடலின் இயல்பைப் பாவமாகவே காணும் தாய் அதை மறைத்துவிட்டாள். இறந்துவிடுவோம் என்று அஞ்சி, குருதி படிந்த கையோடு தோழியரிடம் உதவி கேட்டு ஓடுகிறாள். அவர்கள் நாப்கின்களையும் பஞ்சுகளையும் அவள் மேல் எறிந்து கூச்சலிடுகின்றனர். பின்னர் மனம் மாறும் சூ ஸ்னெல்லும் அக்கூட்டத்தில் இருக்கிறாள்.

இக்காட்சிக்குச் சற்று முன், ஆடை மாற்றும் மாணவியரின் உடல்களினூடே ஒளிப்பதிவுக்கருவி மெதுவியக்கத்தில், பினோ டோனாஜியோவின் இனிய இசையோடு தவழ்ந்து செல்கிறது. பாதிக்கப்பட்டவளின் பக்கம் நிற்கப்போகும் படம், ஒளிந்திருந்து பார்ப்பவனின் கண்ணோடு தொடங்குகிறது. இதை இயக்குநரின் நுட்பம் என்று போற்றுவாரும் உளர். எனக்கு அது படத்தின் குறையாகவே படுகிறது. அந்த இன்பநோக்கிற்குக் கதையில் எந்தக் கணக்கும் தீர்க்கப்படுவதில்லை.

கூச்சலைக் கேட்டு வரும் உடற்பயிற்சி ஆசிரியர் மிஸ் காலின்ஸ் (பெட்டி பக்லி), கதறும் கேரியைக் கன்னத்தில் அறைந்துதான் அமைதிப்படுத்துகிறார். பிறகு தலைமையாசிரியரிடம் பேசும்போது, அம்மாணவியரின் எரிச்சல் தமக்கும் புரிகிறது என்றும், கேரியைப் பிடித்து உலுக்கவேண்டும் என்று தமக்கும் தோன்றியது என்றும் ஒப்புக்கொள்கிறார். படத்தில் மிக நேர்மையான உரையாடல் இதுவே எனலாம். காப்பவருக்குள்ளும் எள்ளியவர்களின் உணர்வு ஒரு துளி இருக்கிறது. அதே அறையில் தலைமையாசிரியர் அவளைக் ‘கேஸி’ என்று தவறான பெயரிட்டே அழைக்கிறார். அவள் தன் பெயரை உரக்கக் கத்தும்போது மேசையிலிருந்த சாம்பல் கிண்ணம் கீழே விழுகிறது. இலக்கிய வகுப்பிலோ, டாமி ராஸ் பெயரில் வாசிக்கப்பட்ட கவிதையை அழகு என்று அவள் மெல்லச் சொன்னதற்காக ஆசிரியரே அவளை வகுப்பின் முன் நையாண்டி செய்கிறார். இப்பள்ளியில் கேலி என்பது மாணவர் பழக்கம் மட்டுமன்று.

தண்டனையின் தொடர்ச்சி

தவறிழைத்த மாணவியருக்கு மிஸ் காலின்ஸ் கடும் உடற்பயிற்சியைத் தண்டனையாக விதிக்கிறார். மறுப்பவருக்குப் பள்ளியிலிருந்து இடைநீக்கமும், ‘பிராம்’ எனப்படும் பள்ளி நடன விருந்தில் கலந்துகொள்ளத் தடையும் உண்டு. எதிர்த்துப் பேசும் கிறிஸ் ஹார்கென்சனையும் அவர் அறைகிறார். கேரிக்கு விழுந்த அறையும் கிறிஸுக்கு விழுந்த அறையும் ஒரே கையின் அறைகள். விருந்தில் இடமிழந்த கிறிஸ், பன்றிக் குருதி நிரம்பிய வாளியை மேடைக்கு மேலே கட்டிவைக்கத் துணிகிறாள். ஆகவே இப்படத்தில் முதலில் பழிவாங்கப் புறப்படுபவள் கேரி அல்லள். தண்டிக்கப்பட்ட கிறிஸே பழியை முதலில் கையிலெடுக்கிறாள். கிறிஸின் கொடுமையை இது நியாயப்படுத்தாது. துன்புறுத்தியவரைத் தண்டித்ததோடு கடமை முடிந்தது என்று கருதும் பள்ளி, துன்புற்றவளுக்கு என்ன செய்தது என்று கேட்கத்தான் இது வழிசெய்கிறது. தாம் பாடம் நடத்தும் வகுப்பறைகளை நினைத்துக்கொள்ளாமல் ஆசிரியர் எவரும் இப்பகுதியைக் கடக்க இயலாது. கிங்கும் இந்நாவலை எழுதிய காலத்தில் மெய்ன் மாநிலத்தில் பள்ளி ஆசிரியராகவே இருந்தார்.

சூ தன் குற்றவுணர்வால், தன் காதலன் டாமியையே கேரியுடன் விருந்துக்கு அனுப்புகிறாள். அவர்கள் வாக்குச்சீட்டு மோசடியால் அரசன் அரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மேடையேறும்போது, மறைந்து நின்று பார்க்கும் சூ மேடைக்கடியிலிருந்து செல்லும் கயிற்றைக் கண்டுகொள்கிறாள். தடுக்க ஓடுகிறாள். ஆனால் கேரியின் மகிழ்ச்சியைக் கெடுக்கவே அவள் வந்திருக்கிறாள் என்று எண்ணிய மிஸ் காலின்ஸ், அவளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார். பேரழிவைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே கையை விலக்கியவர் கேரியிடம் பரிவு கொண்டிருந்த ஆசிரியரே. அன்புடையவர், ஆனால் கேட்கும் பொறுமை இல்லாதவர். டி பால்மா இதற்காக அவரைப் பழிக்கவில்லை. கதவு மூடப்படுவதைக் காட்டிவிட்டு நகர்கிறார்.

கேட்ட சிரிப்பும் கேளாத சிரிப்பும்

நாவலும் படமும் தெளிவாகப் பிரியும் இடம் அடுத்து வருகிறது. கிங்கின் நாவலில் குருதி கொட்டியதும் அரங்கிலுள்ளோர் உண்மையிலேயே சிரிக்கின்றனர். உயிர்பிழைத்த ஒருத்தியின் வாக்குமூலமாக அது பதிவாகிறது. படத்திலோ, குருதி கொட்டிய நொடியில் ஒலி ஏறக்குறைய அற்றுப்போகிறது. காட்டப்படும் முகங்களுள் பெரும்பாலானவை திகைத்து நிற்பவை. நார்மா சிரிக்கிறாள், சிலர் உடன் சேர்கின்றனர். அதன்பின் காட்சி கேரியின் கண்ணுக்குள் நுழைகிறது. பலவண்ணக் கண்ணாடிச் சில்லுகளில் தெரிவதுபோல் முகங்கள் பெருகிச் சுழல, மிஸ் காலின்ஸ் உட்பட எல்லாரும் சிரிக்கின்றனர். எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கப்போகிறார்கள் என்ற தாயின் எச்சரிக்கை, குளியலறைக் கூச்சல், தலைமையாசிரியரின் தவறான பெயர், என்னை நம்பு என்ற மிஸ் காலின்ஸின் உறுதிமொழி ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கின்றன.

ஆசிரியரின் ஆறுதல் மொழி எள்ளியவர்களின் கூச்சலோடு ஒரே ஒலிப்பரப்பில் வைக்கப்பட்டிருப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. அந்நொடியில் கேரியால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. தொடர்ந்த எள்ளல் ஒருவரிடமிருந்து பறிக்கும் முதற்பொருள் இந்தப் பகுத்தறியும் திறனே. பரிவும் பரிகாசமாகவே காதில் விழும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகையின் நிலைக்களன்களை எண்ணும்போது எள்ளலை முதலில் வைக்கிறது. ஆங்கே அது நகுபவரிடத்துத் தோன்றும் மெய்ப்பாட்டைச் சுட்டுவது. நகப்பட்டவரின் செவியில் அந்நகை என்னவாகிறது என்பதையே டி பால்மா ஒலியமைப்பாகக் காட்டுகிறார்.

அதன்பின் திரை இரண்டாகப் பிளக்கிறது. ஒருபுறம் அசையாத கேரியின் முகம். மறுபுறம் தாமே மூடிக்கொள்ளும் கதவுகள், சீறும் நீர்க்குழாய், சிதறும் கூட்டம். காரணமும் விளைவும் ஒரே சட்டகத்தில் இருந்தும் அவற்றிடையே ஒரு கோடு நிற்கிறது. பார்வையாளர் சற்றுமுன் அவளுடைய கண்ணாக இருந்தவர். இப்போது அவளை வெளியிலிருந்து பார்க்கிறார். கூடைப்பந்துப் பலகை சரிந்து மிஸ் காலின்ஸ் நசுங்கி இறக்கும்போது, அவர் சிரிக்கவில்லை என்று பார்வையாளருக்குத் தெரியும், கேரிக்குத் தெரியாது. படத்தின் உண்மையான திகில் இந்த அறிவு வேறுபாட்டில்தான் உள்ளது.

நாவலில் மிஸ் டெஸ்ஜார்டின் என்னும் பெயருடைய இவ்வாசிரியர் உயிர் பிழைக்கிறார். ஆசிரியப் பணிக்கு இனித் திரும்புவதில்லை என்று பதவி விலகல் கடிதம் எழுதுகிறார். ஆக, நாவலில் சிரிப்பு மெய், ஆசிரியர் தப்புகிறார். படத்தில் சிரிப்பின் பெரும்பகுதி கற்பனை, ஆசிரியர் மடிகிறார். இந்த இரட்டை மாற்றத்தால் படம் பழிவாங்கற் கதை என்ற தகுதியையே ஒருவகையில் இழக்கிறது. பழிக்குப் பகைவன் யார் என்ற தெளிவு வேண்டும். கிம்பர்லி பியர்ஸின் 2013 மறுவாக்கத்தில், குளியலறை நிகழ்வு கைபேசியில் பதிவாகி இணையத்தில் பரவுகிறது. பின்னர் விருந்து அரங்கின் திரையிலும் காட்டப்படுகிறது. அங்கே கேரி ஆசிரியரை அடையாளங்கண்டு காப்பாற்றுகிறாள். பார்ப்பவருக்கு ஆறுதல் தரும் மாற்றம்தான். ஆனால் குற்றவாளியையும் குற்றமற்றவரையும் பிரித்தறியும் கேரி ஒரு நீதிபதியாகிவிடுகிறாள். எள்ளல் அவளுக்குள் எதைச் சிதைத்தது என்பது மறைந்துபோகிறது.

எஞ்சிய சாட்சி

நாவலில் விசாரணை ஆணைய அறிக்கை, செய்திக்குறிப்புகள், ஆய்வு நூற்பகுதிகள், சூவின் தன்வரலாறு எனப் பல ஆவணங்கள் நிகழ்வை விளக்கப் போட்டியிடுகின்றன. படம் அவை அனைத்தையும் கைவிட்டு, ஆசிரியரால் வெளியே தள்ளப்பட்டதனாலேயே உயிர்பிழைத்த சூவை மட்டும் இறுதியில் நிறுத்துகிறது. அவள் கனவில் மலர்களோடு கேரியின் வீடிருந்த இடத்திற்குச் செல்கிறாள். மண்ணிலிருந்து நீண்டு அவளைப் பற்றும் குருதிக் கை பலரின் நினைவில் நிற்கிறது. ஆனால் அதற்குச் சற்று முன் திரையில் தெரிவது, சிலுவை வடிவில் நட்ட விற்பனைப் பலகை. கேரி நரகத்தில் எரிகிறாள் என்று யாரோ அதில் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். சூவின் கனவிலும் அந்தக் கேலி ஓயவில்லை.