சாராயம் என்னும் குறி: சசூரின் மதிப்புக் கோட்பாடும் கருணாபுரம் நிகழ்வின் சொல்லாட்சியும்

ஆய்வுச்சுருக்கம்

அமைப்பு மொழியியலின் அடிப்படைக் கருத்தாக்கங்களுள் ஒன்றான ‘மதிப்பு’ என்பதைக் கருணாபுரம் சாராய இறப்புகளை ஒட்டிய சொல்லாட்சிகளில் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரை. சொற்கள் வேறுபாட்டால் பொருள் பெறுகின்றன என்ற சசூரின் கருத்து இச்சொல்லாட்சிகளை விளக்கப் பெரிதும் உதவுகிறது. ஆனால், அவர் கருதும் சமூகம் ஏற்றத்தாழ்வற்றது. அவ்விடத்தில் அவரது கோட்பாடு போதாமை அடைகிறது என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: சசூர், மதிப்பு, குழூஉக்குறி, வினையெச்சம், கருணாபுரம்

முன்னுரை

ஃபெர்டினாண்ட் டி சசூர் ஜெனீவாவில் 1907 முதல் 1911 வரை நிகழ்த்திய விரிவுரைகள், அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து 1916இல் நூலுருப் பெற்றன. மொழியமைப்பு - பேச்சு, குறிப்பான் - குறிப்பீடு, ஒருகால நிலை - வரலாற்று நிலை என்னும் இணைகள் தமிழ் வகுப்பறைகளில் இன்று நன்கு அறிமுகமானவை. எனினும் அவை பெரும்பாலும் மனப்பாடத்துக்குரிய பட்டியலாகவே நின்றுவிடுகின்றன. மரம், பசு போன்ற சொற்களையே சான்றாகக் காட்டுவதால், மொழி ஒரு சமூக நிகழ்வு என்ற கூற்றும் வெறும் வாய்பாடாகிவிடுகிறது. பூசலுக்கு இடமில்லாத சொற்களைக் கொண்டு சமூகத்தை விளக்க இயலாது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்த அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தோருள் பெரும்பாலோர் அன்றாடக் கூலித் தொழிலாளர்கள். அவர்களுள் பட்டியல் சாதியினர் மிகுதி. அந்நாள்களில் நாளிதழ், காவல்துறை, சட்டமன்றம், நீதிமன்றம் ஆகிய களங்களில் வழங்கிய சொற்களே இக்கட்டுரையின் தரவுகள்.

வேறுபாட்டால் விளையும் மதிப்பு

ஒரு சொல்லின் பொருள் அது சுட்டும் பொருளிலிருந்து மட்டும் வருவதன்று. அதே அமைப்பில் அருகிலுள்ள பிற சொற்களிலிருந்து அது வேறுபடும் முறையாலும் அமைகிறது. இதனையே சசூர் மதிப்பு என்றார். ‘கள்ளச்சாராயம்’ என்பதன் முன்னொட்டு, கள்ளநோட்டு, கள்ளச்சாவி, கள்ளவோட்டு, கள்ளச்சந்தை என்னும் வரிசையைச் சார்ந்தது. இவ்வரிசையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஏற்புடைய எதிர்ச்சொல் ஒன்று வழக்கில் உண்டு. கள்ளநோட்டுக்கு எதிரே நல்லநோட்டு நிற்கிறது. கள்ளச்சாராயத்துக்கு எதிரே நிற்பது எது?

1980களில் இவ்வினாவுக்கு விடை இருந்தது. அன்று ஏலத்தில் எடுக்கப்பட்ட சாராயக்கடைகள் தமிழ்நாட்டில் சட்டப்படி இயங்கின. 1991இல் மலிவுவிலை மதுவும் நிறுத்தப்பட்டபின், சட்டம் ஏற்கும் சாராயம் என ஒன்று இங்கு இல்லை. எனவே எல்லாச் சாராயமும் கள்ளச்சாராயமே. முன்னொட்டு எதனையும் பிரித்துக்காட்டாத அடையாயிற்று. அண்டையிலுள்ள புதுச்சேரியிலோ உரிமம் பெற்ற சாராயக்கடைகள் தொடர்கின்றன. ஒரே குறிப்பான், ஒரே மொழி. ஆயினும் எல்லையின் இருபுறமும் அதன் மதிப்பு வேறு. பொருள் மாறவில்லை, அமைப்பில் அதற்குரிய இடம் மாறியிருக்கிறது.

தமிழ்நாட்டில் அவ்வெதிர்நிலையை இன்று நிரப்புவது ‘மது’ என்னும் சொல். 1983இல் தொடங்கப்பட்டு 2003 முதல் சில்லறை விற்பனையும் நடத்திவரும் அரசு நிறுவனத்தின் முழுப்பெயரில் குடிவகை எதுவும் இடம்பெறவில்லை. கடைப்பலகையில் இருப்பது ‘மதுபானக்கடை’. வினைகளும் இவ்வேறுபாட்டைப் பேணுகின்றன. மதுவை ‘அருந்துகிறார்கள்’, சாராயத்தைக் ‘குடிக்கிறார்கள்’. ‘சாராயம் அருந்தினார்’ என்னும் தொடர் இலக்கண வழுவன்று. ஆயினும் தமிழ்ச் செவிக்கு ஒவ்வாது. சொற்களைத் தேர்வது தனிமனிதன் விருப்பம் போலத் தோன்றினும் அத்தேர்வுக்கு எல்லையிடுவது சமூகம் என்பதற்கு இவ்வொவ்வாமை சான்றாகிறது.

பெயரிடும் அதிகாரம்

2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளில் நேர்ந்த இறப்புகளின்போது, விற்கப்பட்டது காய்ச்சிய கள்ளச்சாராயமன்று, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனால் என்னும் விஷச்சாராயம் எனக் காவல்துறைத் தலைமை விளக்கமளித்தது. வேதியியல் நோக்கில் இவ்விளக்கம் பொருந்துவதே. கல்வராயன் மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சுவதும் மெத்தனாலைக் கலந்து விற்பதும் வெவ்வேறு தொழில்கள். ஆனால் சொல்லின் மதிப்பு வேதியியலோடு முடிவதில்லை. ‘கள்ள’ என்னும் அடை சட்டத்தையும் அதனைக் காக்கவேண்டியோரையும் நினைவூட்டுகிறது. ‘விஷ’ என்னும் அடை பொருளின் இயல்பை மட்டும் நினைவூட்டுகிறது. அடை மாறும்போது பொறுப்பின் திசையும் மாறுகிறது.

கருணாபுரத்தில் பெயரிடல் உயிரோடு தொடர்புடையதாயிற்று. முதல் இறப்புகள் நேர்ந்தபோது, அவற்றுக்குச் சாராயமே காரணம் என்பது உறுதியாகவில்லை என மாவட்ட நிர்வாகத் தரப்பில் கூறப்பட்டது. ஜூன் 19ஆம் நாளே மாவட்ட ஆட்சியர் இடமாற்றம் செய்யப்பட்டார்; காவல் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். நோயெனப் பெயரிட்டால் அது குடும்பத்தின் துயர். நஞ்செனப் பெயரிட்டால் அது ஊருக்கான எச்சரிக்கை. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உள்ள உறவு இடுகுறித்தன்மையது என்பது உண்மை. எனினும் எக்குறியை எப்போது வழங்குவது என்பது இடுகுறியாக முடிவாவதில்லை.

‘குடித்து இறந்தார்’

செய்தித்தொடர்களுள் மிகுதியாக வழங்கியது ‘கள்ளச்சாராயம் குடித்து இறந்தார்’ என்னும் அமைப்பு. செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலையே முடிக்கும் வினைக்கும் வினைமுதலாகக் கொள்ளும் என்பது தொல்காப்பிய வினையியல் விதி. அதன்படி குடித்தவரும் இறந்தவரும் ஒருவரே. கலந்தவர், விற்றவர், வாளாவிருந்தவர் ஆகியோருக்கு இத்தொடரில் இடமில்லை.

இது நிகழ்ச்சி வரிசையை மட்டுமே கூறுவதன்றோ என வினவலாம். ‘கெட்ட உணவு உண்டு இறந்தார்’ என்பதும் இதே அமைப்பினதே. அங்கு உண்டவர்மீது பழி ஏறுவதில்லை. ஆதலின் பழிக்கு வினையெச்சம் மட்டும் காரணமன்று. கேட்போர் மனத்தில் குடி என்னும் சொல், குடிகாரன், குடிவெறி என்னும் வரிசையோடும், ஒலியொப்புமையால் குடும்பத்தைக் குறிக்கும் குடி என்பதோடும் இணைகிறது. ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்னும் வழக்கின் ஆற்றல் இவ்வொப்புமையிலிருந்தே பிறக்கிறது. தொடருறவும் சசூர் கூறும் இணைவுறவும் கூடும் இடத்தில்தான் பழி விளைகிறது. இறந்தோர் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த 10 லட்சம் ரூபாயை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கும், குடித்தவரையே சட்டமீறலின் வினைமுதலாகக் கருதும் நோக்கினது. ‘மெத்தனால் கலந்து விற்றவர்களால் கொல்லப்பட்டார்’ என்று கூறவும் தமிழின் அமைப்பு இடந்தருகிறது. இடந்தந்தும் அத்தொடர் வழக்காறு ஆகவில்லை என்பதே கருதத்தக்கது.

சசூரின் சமூகமும் நன்னூலின் குழுவும்

சசூருக்கு மொழியமைப்பு என்பது ஒரு சமூகத்தார் அனைவரிடமும் ஏறக்குறைய ஒரேபடித்தாய்ப் பதிந்துள்ள கூட்டுச்சொத்து. தனியொருவர் அதனை மாற்ற இயலாது. அச்சமூகத்துக்குள் பெயரிடுவோர், பெயரிடப்படுவோர் என்னும் பிரிவு அவரது ஆய்வில் இடம்பெறவில்லை. 1929இல் வோலஷினோவ் முன்வைத்த மறுப்பு இவ்விடத்தையே தொட்டது. ஒரே குறியமைப்பை வெவ்வேறு வர்க்கத்தார் பயன்படுத்துவதால், குறியே வர்க்கப் போராட்டத்தின் களமாகிறது என்பது அவர் வாதம்.

தொல்காப்பியர், சொற்பொருளின் காரணம் வெளிப்படத் தோன்றாது என்றதைக் கொண்டு அவரைச் சசூரின் முன்னோடியாக்குவது நம்மிடையே வழக்கம். தோன்றாது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. அவ்வொப்பீடு இருவரையும் விளக்குவதில்லை. தமிழ் இலக்கண மரபின் பங்களிப்பை வேறிடத்தில் தேடவேண்டும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றையும் நன்னூல் தகுதி வழக்கென வகுக்கிறது. குழூஉக்குறிக்கு உரையாளர்கள் தரும் சான்றுகளுள் ஒன்று, வேடர்கள் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என வழங்குவது. ஒரே பொருளுக்கு அவையில் ஒரு பெயரும் குழுவுக்குள் ஒரு பெயரும் உண்டு என்பதை இலக்கணமே ஏற்கிறது. சமூகம் குழுக்களால் ஆனது என்னும் உணர்வு இவ்வகைப்பாட்டில் அடங்கியுள்ளது. எனினும் எக்குழுவின் சொல் அவையேறும், எதன் சொல் புறத்தே நிற்கும் என்னும் வினாவை நன்னூலும் எழுப்பவில்லை. இன்று ‘சரக்கு’, ‘பாக்கெட்’ என்று குடிப்போரிடையே வழங்குவனவற்றை ஆராயும்போது இவ்வினாவைத் தவிர்க்க முடியாது.

முடிவுரை

மதிப்பு என்னும் கருத்தாக்கமின்றி, சாராயம், மது, கள்ளச்சாராயம், விஷச்சாராயம் என்பன ஒன்றையொன்று வரையறுக்கும் முறையை விளக்க இயலாது. அவ்வகையில் சசூர் இன்றும் இன்றியமையாதவர். ஆனால் அம்மதிப்புகளை நிறுவுவது சட்டம், வாணிபம், நிர்வாகம், செய்தித்துறை ஆகியவற்றின் வலிமை. அவ்வலிமை சமமாகப் பகிரப்பட்டதன்று. 2024 ஜூன் இறுதியில் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்புக்குக் காரணமான காய்ச்சுதலுக்கும் விற்பனைக்கும் ஆயுள் தண்டனை வரை விதிக்க வகைசெய்தது. சட்டத்தின் தொடரில் விற்றவர் வினைமுதலாகிவிட்டார். நாளிதழ்த் தொடரில் குடித்தவரே இன்னும் வினைமுதலாக நிற்கிறார். மொழியைச் சமூக நிகழ்வாகக் கற்பிக்க விரும்புவோர் இவ்விரு தொடர்களையும் மாணவர்முன் அருகருகே வைத்துத் தொடங்கலாம்.